மயில் எத்தனை முட்டை இடும், அதில் எத்தனையை எடுக்கலாம்?

வட கரோலினாவில் இரண்டு ஏக்கர் நிலத்தோடு வீடு வாங்கியிருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. போன ஆண்டு ஓர் ஆண்மயிலும் இரண்டு பெண்மயிலும் ஒரே இடத்தில் வாங்கியிருக்கிறார். ஏப்ரல் கடைசியில் முட்டை தொடங்கியது. முதல் இரண்டும் தரையில் விழுந்து உடைந்தன. அப்புறம் கிடைத்த 8 முட்டையை இன்குபேட்டரில் வைத்தார். 3 கூமுட்டை. 4 முட்டையில் குஞ்சு முழுதாக வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே செத்துவிட்டது. உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒரே ஈரம், கொழகொழவென்று இருந்ததாம். பொரித்தது ஒன்றே ஒன்று, அதுவும் ஐந்தாம் நாள் போய்விட்டது. ஒரு பருவத்துக்கு எத்தனை முட்டை கிடைக்கும், அதை எப்படிக் கூட்டுவது, பெண்மயிலை எப்படி அடைக்கு உட்கார வைப்பது, மணப்பாறைப் பக்கம் மாமா தோட்டத்திலும் மயில் வளர்க்கலாமா என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது. மயில் 1963 முதல் இந்தியாவின் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியலில் இருக்கிறது. பறவையைப் பிடித்து வளர்ப்பது மட்டுமல்ல, முட்டையை எடுத்துவந்து கோழிக்கு அடியில் வைப்பதும் குற்றம். சிறைத் தண்டனை 3 ஆண்டிலிருந்து தொடங்குகிறது. நான் விராலிமலைப் பக்கத்துக்காரன். கடலைக்காட்டில் களையெடுக்கும்போது மயில் முட்டையைப் பார்த்து, நாய் தின்றுவிடுமே என்று பாவப்பட்டு முந்தானையில் முடிந்துகொண்டு வந்த அம்மாக்களை எனக்குத் தெரியும். அவர்கள் மனசு நல்ல மனசுதான். ஆனாலும் அப்படிச் செய்யக் கூடாது. மாமா கண்ணில் முட்டை பட்டால் அந்த இடத்தைச் சுற்றிக் கொஞ்சம் விட்டுவிட்டு வேலையைப் பார்க்கச் சொல்லுங்கள், தாய் திரும்பி வரும். பல நாளாகத் தாய் வரவே இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் வனத்துறைக்குச் சொல்லட்டும். அவ்வளவுதான் அவர் செய்யக்கூடியது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. நீல மயிலை வளர்க்கக் கூட்டாட்சி உரிமம் எதுவும் வேண்டாம், கோழி, வான்கோழி மாதிரிதான். ஆனால் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) விதியையும் ஊர் விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண்மயில் விடிகாலையிலும் பொழுது சாயும்போதும் அகவுவது அரை மைலுக்குக் கேட்கும். அக்கம்பக்கத்தில் புகார் வந்து பறவையை விற்றவர்கள் பலர்.

சரி, முட்டைக்கு வருவோம்.

இயற்கையில் ஒரு பெண்மயில் பொதுவாக 4 முதல் 6 முட்டை இடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், பெரும்பாலும் சாயங்காலத்தில். எண்ணிக்கை சேர்ந்ததும் அடைக்கு உட்கார்ந்துவிடும். அந்தக் குஞ்சுகள் பிழைத்தால் அந்த ஆண்டு அதோடு முடிந்தது. முட்டை பறிபோனால் மறுபடி ஓர் ஈடு இடும். வளர்ப்பவர்கள் பிடித்துக்கொண்டது இந்தக் குணத்தைத்தான். இட்ட முட்டையை அன்றன்றைக்கே எடுத்துவிட்டால், நடுவில் சில நாள் ஓய்ந்து ஓய்ந்து, பருவம் முடிவதற்குள் ஒரு நல்ல பெட்டை 20, 25 முட்டைகூட இடும். முதல் தடவை இடும் இரண்டு வயதுப் பெட்டை அவ்வளவு இடாது, ஐந்தாறோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எப்படிக் கூட்டுவது என்று கேட்டீர்கள். தினமும் எடுங்கள், கூடும். ஆனால் அதைச் செய்வதற்கு முன்னால் ஒரு கணக்குப் போடுங்கள் தம்பி. நன்றாகப் பார்த்துக்கொண்டால் மயில் 20 ஆண்டு வாழும். உங்கள் இரண்டு பெட்டையும் சேர்ந்து 40 முட்டை இட்டு, அதில் பாதி பொரித்தால் 20 குஞ்சு. அதில் ஏறக்குறைய 10 ஆண். மூன்று வயதில் அந்தப் பத்தும் தோகை விரித்துக்கொண்டு ஒன்றையொன்று அடிக்கத் தொடங்கும். பெட்டையை யாராவது வாங்கிக்கொள்வார்கள். ஆணை இலவசமாகக் கொடுத்தாலும் இடம் உள்ளவர் கிடைப்பது கஷ்டம். நான் ஹூஸ்டனுக்கு மேற்கே பன்னிரண்டு ஆண்டாக மயில் வளர்க்கிறேன். மூன்றாம் ஆண்டில் 17 குஞ்சு பொரித்தது. பெருமையாகப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினேன். அக்டோபரில் அவற்றை அடைக்கக் கொட்டகை இல்லை. அவசரமாக ஓர் இடத்துக்குக் கொடுத்தேன். கொடுத்ததில் பாதி அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை என்று பிறகு தெரிந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு பிப்ரவரியிலும் இந்த ஆண்டு எத்தனை குஞ்சு என்று முதலில் எழுதி வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. எனக்கு 6, அதற்கு மேல் இல்லை. ஒரு பறவைக்கு 100 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண் தோகையை முழுதாக விரித்துச் சுற்ற 10 அடி அகலமாவது வேண்டும். உங்களுக்கு எத்தனை என்பதை அந்த அளவு சொல்லிவிடும்.

மிச்ச முட்டையை என்ன செய்வது? சாப்பிடலாம். கோழி முட்டையைப் போல ஒன்றரை, இரண்டு மடங்கு இருக்கும், ருசியில் பெரிய வித்தியாசம் இல்லை. எடுக்கும்போது ஒரு மரமுட்டையையோ பீங்கான் முட்டையையோ வைத்துவிட்டு எடுங்கள். கூட்டில் ஒன்றுமே இல்லாவிட்டால் பெட்டை இடத்தை மாற்றிப் புதருக்குள் போய் இட்டுவிடும்.

இனி பருவத்துக்கு முந்தைய வேலை. முட்டை ஏப்ரலில் வந்தாலும் அதற்கான தீனி பிப்ரவரியிலேயே தொடங்கிவிட வேண்டும். பகல் நீள நீள பறவையின் உடம்பு முட்டைக்குத் தயாராகிறது. நம் ஊரில் சித்திரை வாக்கில் இடும், இலங்கையில் தை மாசியிலேயே தொடங்கிவிடும், வட இந்தியாவில் மழையோடு ஆனியில்தான் உச்சம். இங்கே அமெரிக்காவின் தென்பகுதியில் மார்ச் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை. குளிர்காலம் முழுக்க மக்காச்சோளமும் கோதுமையும் தின்ற பெட்டைக்கு, முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து உடம்பில் இருக்காது. இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் இரண்டாம் ஆண்டில் நல்ல பெட்டை ஒன்று முதல் முட்டையை வெளியே தள்ள முடியாமல் இரண்டு நாள் உடம்பைக் குறுக்கிக்கொண்டு, வாலைத் தொங்கப்போட்டு நின்றது. மயில் மழைக்குச் சோர்ந்திருக்கிறது என்று நினைத்துவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் செத்துக் கிடந்தது. உள்ளே ஓடில்லாத முட்டை. பெட்டை அப்படி நிற்பதைப் பார்த்தால் அன்றைக்கே கதகதப்பான இடத்தில் வைத்து, பறவை பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

அதனால் முட்டைக்கு ஆறு வாரம் முன்னாலிருந்தே இனப்பெருக்கத் தீனிக்கு மாற்றிவிடுங்கள். புரதம் 18 முதல் 20 சதவீதம் இருந்தால் போதும். கிளிஞ்சல் தூளைத் தீனியில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். தேவைப்படும் பெட்டை அதுவாகவே தின்னும். ஆணுக்கும் குஞ்சுக்கும் அவ்வளவு சுண்ணாம்பு வேண்டாம், அதிகமானால் சிறுநீரகம் கெடும். கீரை, நறுக்கிய பழம், கொஞ்சம் காய்ந்த புழு கொடுங்கள். குடற்புழு மருந்தையும் முட்டை தொடங்குவதற்கு முன்பே கொடுத்து முடித்துவிடுங்கள். முட்டை இடும்போது பறவையைத் துரத்திப் பிடிப்பது ஆபத்து, வயிற்றுக்குள்ளேயே முட்டை உடையலாம்.

விளக்குப் போட்டுப் பகலை நீட்டினால் சீக்கிரம் முட்டை வருமா என்றும் சிலர் கேட்பார்கள். வரும். ஆனால் மார்ச் குளிரில் வெளியே கிடக்கும் முட்டை உறைந்து விரிசல் விடும். நான் செய்வதில்லை.

முதல் இரண்டு முட்டை உடைந்ததற்குக் காரணம் அனேகமாக இதுதான்: புதிதாக இடும் பெட்டை இருட்டு வேளையில் உட்காரும் கழியின் மேலிருந்தே முட்டையை விட்டுவிடும். சாயங்காலம் இடும் பறவை, மேலே ஏறி அடையும் நேரமும் அதுதான். கழிக்கு நேர் கீழே முழங்கை அளவுக்கு வைக்கோலோ மணலோ போட்டு வையுங்கள். ஆறடி உயரத்திலிருந்து விழுந்தாலும் பாதிக்கு மேல் தப்பும். மூலையில் இரண்டடிக்கு இரண்டடி ஆழமில்லாத பெட்டி, அல்லது பழைய டயரில் வைக்கோல் நிரப்பி, முன்னால் ஒரு பலகையைச் சாய்த்து மறைப்பு. மயிலுக்குக் கூடு கட்டத் தெரியாது. சங்கப் பாட்டு ஒன்றில் பாறையில் கிடக்கும் மயில் முட்டையைக் குரங்குக் குட்டி வெயிலில் உருட்டி விளையாடும். அந்தக் கவிஞர் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் இந்தப் பறவை அப்படியேதான் இடுகிறது. எனக்குக் குரங்கு இல்லை. ஆனால் முட்டை விழுங்கும் பாம்பும் ரக்கூனும் உண்டு. எடுக்க மறந்த முட்டை காலையில் இருக்காது.

கூமுட்டை மூன்று என்றீர்கள். உங்கள் ஆணுக்கு என்ன வயது? இரண்டு வயது ஆணிடம் தோகை குட்டையாக, கண்கள் குறைவாக இருக்கும். அவன் ஆடுவான், பெட்டையின் மேல் ஏறவும் செய்வான், ஆனால் கரு கூடுவது நிச்சயமில்லை. மூன்று வயதாகி முழுத் தோகை வந்த பிறகுதான் நம்பலாம். இன்குபேட்டரில் வைத்துப் பத்து நாள் காத்திருந்து தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை. சாப்பிட எடுத்த முட்டையைத் தட்டில் உடைத்து மஞ்சள் கருவின் மேலே இருக்கும் வெள்ளைப் புள்ளியைப் பாருங்கள். வட்டத்துக்குள் வட்டமாக வளையம் தெரிந்தால் கரு கூடியிருக்கிறது. சின்னதாக, ஒழுங்கில்லாத வெறும் பொட்டாக இருந்தால் இல்லை. வாரத்துக்கு ஒரு முட்டையை இப்படி உடைத்துப் பார்த்தாலே ஆணின் நிலவரம் தெரிந்துவிடும்.

பெரிய தோகையுள்ள ஆணை வாங்கினால் முட்டை கூடுமா என்று அடுத்து கேட்பீர்கள் என்று நினைக்கிறேன், எல்லாரும் கேட்பது அது. இங்கிலாந்தில் விப்ஸ்னேட் விலங்கியல் பூங்காவின் மயில்களை வைத்து மேரியன் பெட்ரி செய்த ஆய்வுகள் பேர்பெற்றவை. தோகையில் கண்கள் அதிகம் உள்ள ஆணையே பெட்டைகள் அதிகம் தேர்ந்தன. பெரிய தோகை ஆணோடு சேர்ந்த பெட்டைகள் கூடுதலாக முட்டை இட்டன என்று 1993-இல் எழுதினார். ஆனால் ஜப்பானில் இஸு கள்ளிப் பூங்காவில் ஏழு ஆண்டு கவனித்த மரிகோ தகாஹாஷி குழுவினர், பெட்டைகள் தோகையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதாகத் தெரியவில்லை என்று 2008-இல் சொன்னார்கள். நமக்கு இந்த வழக்கில் தீர்ப்பு வேண்டியதில்லை. உங்கள் மூன்று பறவையும் ஒரே இடத்தில் வாங்கியவை. அண்ணன் தங்கையாக இருக்க வாய்ப்புண்டு. விற்றவரிடம் கேளுங்கள். அப்படியென்றால் அடுத்த பருவத்துக்கு முன் வேறு வம்சத்து ஆண் ஒன்றை மாற்றிக்கொள்ளுங்கள். தோகையின் நீளத்தை விட இதுதான் முட்டையில் தெரியும். ஓர் ஆணுக்கு நான்கைந்து பெட்டை வரை சரி, இரண்டு என்பது அவனுக்குத் தாராளம்.

முட்டையைச் சேர்த்து வைப்பதில் இங்கே பலரும் கோட்டை விடுகிறார்கள். ஜூன் வெயிலில் ஒரு நாள் முழுக்க வெளியே கிடந்த முட்டைக்குள் கரு அரைகுறையாக வளரத் தொடங்கும். பிறகு ஏசி அறைக்கு வந்ததும் நின்று செத்துப்போகும். அதனால் இருட்டுவதற்குள் எடுத்துவிடுங்கள். வீட்டில் குளிர்ச்சியான இடத்தில், 13 முதல் 16 டிகிரி செல்சியஸ் இருந்தால் நல்லது, கூர்முனை கீழே இருக்கும்படி வையுங்கள். சாதாரண ஃபிரிட்ஜ் அதற்கு ஆகாது, ரொம்பக் குளிர். ஒரு வாரம் வரை வைக்கலாம், தினமும் ஒரு தடவை சாய்வை மாற்றிவிடுங்கள். கழுவாதீர்கள். தேதியையும் எந்தப் பெட்டை என்பதையும் பென்சிலால் எழுதுங்கள்.

இப்போது ஓட்டுக்குள் செத்த அந்த நான்கு குஞ்சு. நீங்கள் சொன்ன அந்தக் கொழகொழப்பு காரணத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஈரம் அதிகமாகிவிட்டது. இன்குபேட்டரோடு வந்த தாளில் கோழி முட்டைக்கு எழுதியிருப்பதைப் பார்த்து முதல் நாளே தண்ணீர்க் குழி எல்லாவற்றையும் நிரப்பியிருப்பீர்கள். வட கரோலினாவின் மே மாதக் காற்றே ஈரம்தான். முட்டை 28 நாளும் ஓட்டின் நுண்துளை வழியாகத் தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி விட்டால்தான் தடிப்பான முனையில் காற்றறை பெரிதாகும், குஞ்சு கடைசியில் அதில் மூக்கை நுழைத்து முதல் மூச்சு விடும். தண்ணீர் போகாவிட்டால் காற்றறை சின்னதாக நிற்கும், குஞ்சு ஊதிப்போய்த் திரும்ப இடமில்லாமல் மூழ்கிவிடும். ஈரம் குறைந்துபோனால் இதற்கு நேர்மாறு. ஜவ்வு காய்ந்து பிளாஸ்டிக் தாள் மாதிரி குஞ்சைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும்.

ஈரப்பதத்தைக் காட்டும் மலிவான மீட்டரை நம்ப வேண்டாம், ஒவ்வொன்றும் ஒன்று சொல்லும். சமையலறைத் தராசை நம்புங்கள். முட்டை பொரிக்கும் நேரத்தில் அதன் தொடக்க எடையில் 13 முதல் 15 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். வைக்கும்போது 105 கிராம் என்றால் 14-ஆம் நாளில் 98 பக்கம் இருக்க வேண்டும், 25-ஆம் நாளில் 92 பக்கம். 14-ஆம் நாளிலும் 102 என்று நின்றால் தண்ணீரை முழுக்க எடுத்துவிடுங்கள், காற்றுத் துளையைத் திறந்துவிடுங்கள். 95-க்கு வந்துவிட்டால் தண்ணீர் சேருங்கள். நான் 45, 50 சதவீத ஈரத்தில் தொடங்கி, நாலைந்து நாளுக்கு ஒரு தடவை எடை பார்த்துக் கூட்டிக் குறைக்கிறேன். எடை பார்க்கத் தொடங்கிய ஆண்டில்தான் ஓட்டுக்குள் சாவது எனக்குக் குறைந்தது. வேறெந்தக் கருவியும் அவ்வளவு உதவவில்லை.

வெப்பம், விசிறியுள்ள இன்குபேட்டரில் 37.5 டிகிரி, அதாவது ஃபாரன்ஹீட்டில் 99.5. படுக்கவைத்த முட்டையை ஒரு நாளைக்கு ஐந்து தடவை திருப்புங்கள். பத்தாம் நாள் இருட்டறையில் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி மாதிரி இரத்தக் குழாய் ஓடினால் நல்ல முட்டை, தெளிவாகவே இருந்தால் கூமுட்டை, இரத்த வளையம் மட்டும் தெரிந்தால் நடுவில் செத்தது. கூமுட்டையை வைத்திருந்தால் ஒரு நாள் வெடித்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும், எடுத்து எறிந்துவிடுங்கள். 25-ஆம் நாள் திருப்புவதை நிறுத்தி ஈரத்தை 65, 70-க்கு ஏற்றுங்கள். அதற்குப் பிறகு மூடியைத் திறக்காதீர்கள். ஓட்டில் முதல் கீறல் விழுந்த பிறகும் குஞ்சு வெளியே வர ஒரு நாள் ஆகலாம். கை பரபரக்கும். அவசரப்பட்டு ஓட்டை உரித்தால் இரத்தக் குழாய் அறுந்து குஞ்சு போய்விடும்.

அடைக்கு உட்கார வைப்பது எப்படி என்றால், உட்கார வைக்க முடியாது. உட்கார விடலாம். கூட்டில் நான்கைந்து மரமுட்டையைச் சேரவிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாமல் மறைப்பைக் கூட்டுங்கள். பெட்டை மூன்று நாள் தொடர்ந்து எழாமல் இருந்தால் இரவில் போய் மரமுட்டையை எடுத்துவிட்டு நிஜ முட்டையை வையுங்கள். எல்லா முட்டைக்கும் ஒரே நாள் அடை தொடங்குவதால் எல்லாம் சேர்ந்து பொரிக்கும். அப்போது ஆணை வேறு அடைப்புக்கு மாற்றிவிடுங்கள். அடைகாப்பதிலும் குஞ்சு வளர்ப்பதிலும் அவனுக்குப் பங்கு எதுவும் இல்லை, சில ஆண்கள் முட்டையை உதைத்து உடைக்கவும் செய்யும்.

அடைக்கோழி இருந்தால் அது பெரிய வரம். நல்ல உடம்புள்ள கொச்சின் இனக் கோழிக்கு மூன்று, நான்கு மயில் முட்டைதான், அதற்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டை குளிர்ந்துபோகும். கோழிக்கு 21 நாள் கணக்கு, மயில் முட்டைக்கு 28 தேவை. பிடிவாதமான கோழியாகப் பார்த்து வையுங்கள். முதல் பத்து நாள் கோழிக்கு அடியிலும் பிறகு இன்குபேட்டரிலும் வைத்தால் பொரிப்பு நன்றாக இருக்கிறது என்பது என் அனுபவம், பழைய வளர்ப்பாளர்கள் பலரும் இதையே சொல்வார்கள். ஆனால் குஞ்சைக் கோழியோடு மண்ணில் மேயவிடாதீர்கள். கோழியின் குடலில் இருக்கும் ஒரு சின்னப் புழுவின் முட்டையில் ஒட்டிக்கொண்டு வரும் நுண்ணுயிரி ஒன்று மயிலின் ஈரலைத் தாக்கும். இங்கே பிளாக்ஹெட் என்பார்கள். கோழிக்கு ஒன்றும் ஆகாது, மயில்குஞ்சு கந்தக மஞ்சளாகக் கழிந்து சில நாளில் செத்துவிடும். மண்ணில் அந்தப் புழு முட்டை ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கோழி மேய்ந்த இடத்தில் மயிலை விடவே கூடாது என்பது என் கொட்டகையில் எழுதாத சட்டம்.

பொரித்த அந்த ஒரு குஞ்சு ஏன் போனது என்பதற்கும் வருகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். பெட்டை தன் குஞ்சுக்கு அலகிலிருந்து அலகுக்கு ஊட்டும். கோழிக்குஞ்சு மாதிரி முதல் நாளே தரையைக் கொத்தத் தெரியாது. தனியாகப் பொரித்த மயில்குஞ்சு தீனித் தட்டின் நடுவில் நின்றுகொண்டே பட்டினியால் சாகும். மூன்று நான்கு நாள் மஞ்சள் கருவின் மிச்சம் தாங்கும், அதோடு சரி. ஐந்தாம் நாள் என்றதும் எனக்கு அதுதான் தோன்றியது. அவித்த முட்டையைப் பொடியாக நசுக்கி விரல் நுனியில் வைத்துக் காட்டுங்கள், அலகைப் போலத் தட்டிக் காட்டுங்கள், முதல் இரண்டு நாள் மணிக்கு ஒரு தடவையாவது. தண்ணீரில் வண்ணக் கோலிக்குண்டு போட்டு வைத்தால் பளபளப்பைக் கொத்திக் குடிக்கப் பழகும். எல்லாவற்றையும் விட நல்ல வழி, நாலைந்து நாள் மூத்த இன்னொரு மயில்குஞ்சு பக்கத்தில் இருப்பது. அதனால் ஒற்றை முட்டையை ஒருபோதும் வைக்காதீர்கள். தனிக் குஞ்சு கத்திக் கத்தியே சோர்ந்துவிடும், பிழைத்தாலும் மனிதனையே தன் இனமென்று நினைத்து வளரும்.

முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வாருங்கள். வழுக்கும் செய்தித்தாளில் விடாதீர்கள், கால் இரண்டு பக்கமும் விரிந்துபோகும். ரப்பர் விரிப்பு போடுங்கள். கோழிக்குஞ்சுத் தீனியில் புரதம் போதாது, வான்கோழிக் குஞ்சுக்கோ காட்டுப்பறவைக் குஞ்சுக்கோ உள்ள 28 சதவீதத் தீனி வாங்குங்கள். ஒரு வாரத்திலேயே பறக்கும், மேலே வலை போட மறக்காதீர்கள். மூன்று மாதம் வரை மண்ணில் விடாமல் இருந்தால் பாதி நோய் வராது.

இன்றைக்கு ஜூன் பாதி. உங்களுக்கு இன்னும் ஆறு ஏழு வாரம் இருக்கிறது. ஜூலைக் கடைசியில் ஆணின் தோகை உதிரத் தொடங்கும். தினம் நாலைந்து இறகு கிடக்கும், ஆகஸ்டுக்குள் வால் மொட்டையாகிவிடும். அவன் ஆட்டம் நின்றதென்றால் கரு கூடுவதும் நின்றுகொண்டே வருகிறது என்று அர்த்தம். அதற்கு மேல் வரும் முட்டையை அடைக்கு வைக்காதீர்கள், பெட்டைக்கு நல்ல தீனியும் ஓய்வும் கொடுங்கள், அதற்கும் இறகு மாற்றப் புரதம் வேண்டும்.

என் யோசனை இது. இந்த வாரம் வரும் முட்டைகளில் ஒன்றை உடைத்துக் கருவைப் பாருங்கள். கரு இருந்தால் அடுத்த ஏழு நாள் முட்டைகளைச் சேர்த்து ஒரே தடவையாக இன்குபேட்டரில் வையுங்கள், தண்ணீர் பாதிதான், தராசு பக்கத்தில். இரண்டு பெட்டையில் அமைதியானது எதுவோ அதன் கூட்டில் இன்றைக்கே நாலு மரமுட்டையை வைத்துவிடுங்கள், அதுவாக உட்கார்ந்தால் விட்டுவிடுங்கள். ஐந்தாறு குஞ்சு கிடைத்தால் இந்த ஆண்டுக்கு அது போதும். 14-ஆம் நாள் எடை என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.